பூனை ரத்தத்தில் ஓர் ஆக்சிஜன் அணு

பி வகை ரத்தம் உள்ள பூனைக்கு ஏ வகைப் பூனையின் ரத்தத்தை ஒரே ஒரு மில்லிலிட்டர் ஏற்றினாலும் உயிர் போய்விடலாம். அந்தப் பூனை பிறந்ததிலிருந்து இன்னொரு பூனையின் ரத்தத்தைக் கண்டதே இல்லை என்றாலும் இதுதான் நிலைமை. நாய்க்கு அப்படியில்லை. முதன்முறையாக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நாய்க்கு எந்த நாயின் ரத்தத்தைக் கொடுத்தாலும் பெரும்பாலும் உடனடிக் கேடு எதுவும் வருவதில்லை. மருத்துவமனையும் மேசையும் ஊசியும் ஒன்றுதான். அந்நிய ரத்தத்தை இரண்டு உடல்களும் எதிர்கொள்ளும் விதம் மட்டும் நேர் எதிர். ஏன் இப்படி என்று தேடிப் போனால், வழி பூனையோடு நிற்காமல் நம் உடலுக்குள்ளேயே வந்து சேர்கிறது.

நாய்க்குக்கூட ரத்தம் ஏற்றுவார்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கான தேவை அடிக்கடி வருகிறது. பெரிய காரணம் உண்ணி. நாயின் காது மடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற பாக்டீரியாவைப் பரப்புகிறது. அது தட்டணுக்களைக் குறைத்துவிடும். மூக்கில் ரத்தம் ஒழுகும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். உண்ணி வழியே பரவும் இன்னொரு ஒட்டுண்ணி பபேசியா. இது ரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து பெருகி அதை உடைத்துவிடும். பபேசியாவில் கிப்சோனி என்ற இனத்துக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1910-இல் பாட்டன் என்ற ஆய்வாளர் அதை முதன்முதலில் விவரித்தது, அன்றைய மெட்ராஸ் வேட்டைக் கழகத்தின் வேட்டை நாய்களின் ரத்தத்திலிருந்துதான். பிறகு நரியின் ரத்தத்திலும் அதைக் கண்டார். நூறாண்டுக்கு மேலாகியும் அதே நோய் அதே ஊரின் நாய்களை இன்றும் வெளுக்கவைக்கிறது.

வெளுப்பது என்பது இங்கே மிகையான சொல் அல்ல. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு காகிதம் போல இருக்கும். மருத்துவர் ஊசி போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிவேகமாகச் சுழலும் கருவியில் வைப்பார். சில நிமிடங்களில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து நிற்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. நலமான நாய்க்குக் குழாயில் சிவப்புப் பகுதி ஏறத்தாழ 37 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். அது 15-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்றும் பேச்சு வந்துவிடும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. மாதக் கணக்கில் மெல்ல மெல்லச் சோகை வந்த நாய், 14 சதவீதத்திலும் வாலை ஆட்டிக்கொண்டு நடந்து வரும். வண்டியில் அடிபட்டுச் சற்றுமுன் ரத்தம் கொட்டிய நாய், 25-இலேயே சாய்ந்துவிடும். உடலுக்குப் பழகிக்கொள்ளக் கிடைத்த நேரம்தான் அங்கே வித்தியாசம்.

எலிமருந்தைத் தின்ற நாயின் கதை வேறு. மருந்து வைட்டமின் கே வேலை செய்யும் வழியை அடைத்துவிடுவதால் ரத்தம் உறையாது. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் உள்ளே கசியத் தொடங்கும். அதற்கு முதலில் வேண்டியது சிவப்பணு அல்ல, உறைவுப் புரதங்கள் நிறைந்த பிளாஸ்மா. கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து உறிஞ்சிய குட்டிகளுக்கும், பார்வோ நோயில் ரத்தமாகவே வெளியேற்றும் குட்டிகளுக்கும் சில சமயம் ரத்தம் தேவைப்படும்.

இனி, தருகிற நாயைப் பார்ப்போம். அது 25 கிலோவுக்குக் குறையாமலும் ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். தடுப்பூசிகள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். உண்ணி நோய்கள் ரத்தத்தில் இல்லையென்று சோதித்திருக்க வேண்டும். தானே ஒருபோதும் ரத்தம் ஏற்றிக்கொண்டதாக இருக்கக் கூடாது. இத்தனைக்கும் மேல் ஒரு தகுதி உண்டு: சாதுவாக இருப்பது. நாய்க்கு மயக்க மருந்து பொதுவாகக் கொடுப்பதில்லை. மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வளர்ப்பவர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். கழுத்தில் ஒரு கையகலத்துக்கு முடியை மழித்து, கிருமிநாசினியால் மூன்று முறை துடைப்பார்கள். மூச்சுக்குழலின் ஓரமாக ஓடும் பள்ளத்தைப் பெருவிரலால் அழுத்தினால் கழுத்துச் சிரை விரல் தடிமனுக்குப் புடைத்து எழும். அதில்தான் ஊசி. குழாய் சட்டென்று சிவந்துவிடும். மேசைக்குக் கீழே தராசில் கிடக்கும் பையை ஒருவர் இடைவிடாமல் சாய்த்துச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருப்பார். உறையாமல் காக்கும் திரவம் எல்லா ரத்தத்திலும் கலக்க வேண்டுமே. மனிதர்களுக்குப் பயன்படுத்தும் அதே 450 மில்லிலிட்டர் பைதான். பத்து நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். பிறகு கழுத்தில் கட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், வயிறு நிறையச் சாப்பாடு. நாயின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும் என்று கணக்கு. 30 கிலோ நாய்க்கு அது இரண்டரை லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை.

கிரேஹவுண்டு நாய்களுக்கு இதில் தனி மதிப்பு. ஓட்டத்துக்கென்றே வளர்க்கப்பட்ட இனம் என்பதால் அவற்றின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அடர்த்தி மற்ற நாய்களைவிட அதிகம். ஒல்லிக் கழுத்தில் சிரை தெளிவாகத் தெரியும். அவற்றில் பல, எந்த நாய்க்கும் கொடுக்கத் தோதான ரத்த வகையும் கொண்டவை.

ரத்தம் ஏற்றும் மருத்துவமே நாயிடமிருந்துதான் தொடங்கியது. 1660-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயர் என்ற மருத்துவர், நடுத்தர உயரமுள்ள ஒரு நாயின் கழுத்துச் சிரையிலிருந்து, அது துவண்டு போகும் வரை ரத்தத்தை வெளியேற்றினார். பிறகு ஒரு பெரிய மாஸ்டிஃப் நாயின் கழுத்துத் தமனியைக் குழாயால் அந்தச் சிரையோடு இணைத்தார். துவண்ட நாய் தேறியது. திரும்பவும் ரத்தத்தை எடுத்தார். இன்னொரு மாஸ்டிஃபை இணைத்தார். கடைசியில் காயத்தைத் தைத்து அவிழ்த்துவிட்டபோது, அந்த நாய் மேசையிலிருந்து குதித்து, எசமானிடம் குழைந்து, உடம்பில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளப் புல்லில் புரண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு மாஸ்டிஃபுகளும் செத்துப்போயின. 1666 நவம்பரில் லண்டனில் இதே சோதனை நடந்ததை சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் குறித்து வைத்தார். மருத்துவ வரலாற்றில் லோயரின் சோதனையை வெற்றி என்றுதான் எழுதுகிறார்கள். பெயர் தெரியாத அந்த மாஸ்டிஃபுகளையும் அதில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று மேசையில் படுத்து 450 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற லாப்ரடார், அந்த இரண்டு நாய்களுக்குப் பின் வந்தது.

அடுத்த ஆண்டே, 1667 ஜூனில், பாரிஸில் ழான் பத்தீஸ்த் தெனி என்ற மருத்துவர் பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். அவன் பிழைத்தான். அவரிடம் ரத்தம் ஏற்றிக்கொண்ட வேறொருவர் பின்னர் இறக்க, வழக்கும் தடையும் வந்து அந்த முயற்சியே ஒன்றரை நூற்றாண்டு முடங்கியது. அதை மீட்டவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல். ரத்தம் இழந்து சாகக் கிடந்த நாய்க்கு நாயின் ரத்தத்தைக் கொடுத்தால் எழுந்து நிற்பதையும், வேற்றினத்தின் ரத்தத்தைக் கொடுத்தால் மாண்டுபோவதையும் அவர் சோதித்துப் பார்த்தார். மனிதருக்கு மனித ரத்தம்தான் என்ற உறுதி அங்கிருந்து பிறந்தது. 1818-இல் அவர் ஒரு மனிதருக்கு மனித ரத்தத்தை ஏற்றினார். 1914, 1915-இல் சோடியம் சிட்ரேட் வந்த பிறகு ரத்தத்தைப் பையில் எடுத்து வைக்க முடிந்தது. உறைவதற்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்று விலங்கு ரத்தத்தையும் அந்த முறையில்தான், சர்க்கரையும் அடினினும் சேர்த்து, குளிர்பெட்டியில் ஏறக்குறைய 35 நாள் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்மாவைத் தனியே பிரித்து உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும்.

நாய்களின் ரத்த வகைகள் நம்முடையவற்றைப் போல நான்கே பெயரில் அடங்குபவை அல்ல. சிவப்பணுவின் மேலிருக்கும் அடையாளங்களுக்கு டிஇஏ என்ற பெயரில் 1, 3, 4, 5, 7 என்று எண்கள் உண்டு. ஒரு நாய்க்கு ஒரே நேரத்தில் இவற்றில் பல இருக்கலாம். மருத்துவருக்கு மிக முக்கியமானது டிஇஏ 1. அது உள்ள நாய்கள், இல்லாத நாய்கள் என்று இரு பிரிவு. இல்லாத நாய்க்கு, உள்ள நாயின் ரத்தத்தை முதல் முறை ஏற்றினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் அந்த உடலில் பிறப்பிலிருந்து இருப்பதில்லை. ஆனால் ஏற்றிய கணத்திலிருந்து உடல் அந்த அந்நிய அடையாளத்தைப் படிக்கத் தொடங்கிவிடும். சில நாட்களில் எதிர்ப்பொருள் தயார். அதன்பின் அதே வகை ரத்தம் இரண்டாம் முறை உள்ளே வந்தால், சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும், சிறுநீர் சிவக்கும், நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். ஆகவே, முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியதுண்டா என்பது நாயை மேசையில் ஏற்றும்போதே கேட்டாக வேண்டிய கேள்வி. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய் என்றால் அதற்குப் பதில் கிடைக்காது. அப்போது, கொடுப்பதன் சிவப்பணுவையும் வாங்குவதன் பிளாஸ்மாவையும் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனைதான் துணை.

2007-இல் ஒரு டால்மேஷன் நாய் வழியாகப் புதியதொரு வகை தெரியவந்தது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட அந்த நாய்க்கு, சோதித்துப் பார்த்த வேறு இன நாய் எதன் ரத்தமும் பொருந்தவில்லை. வேறு சில டால்மேஷன்களின் ரத்தம்தான் பொருந்தியது. மற்ற நாய்களில் அநேகமாக எல்லாவற்றிடமும் இருக்கும் ஓர் அடையாளம் இந்த இனத்தில் சிலவற்றிடம் இல்லை என்று அப்போது தெரிந்தது. டால் என்றே பெயரிட்டார்கள். 

பூனைக்கு ஏ, பி, அபூர்வமாக ஏபி. ஓ வகை கிடையாது. எல்லாப் பூனைக்கும் பொதுவாகக் கொடுக்கும் ரத்தம் என்று ஒன்று இல்லை. வகை பார்க்காமல் பூனைக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்று மருத்துவர்கள் பிடிவாதமாக இருப்பதன் காரணம் இதுதான். ஏ வகைப் பூனைகளிடம் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் வலுவற்றது. தவறி பி ரத்தம் ஏறினால் அந்த அணுக்கள் சீக்கிரம் அழியும், பூனை பெரும்பாலும் தப்பிக்கும். பி வகைப் பூனையிடம் ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருள் கடுமையானது. குட்டி சில வாரங்கள் வளர்வதற்குள்ளேயே அது தானாக உருவாகிவிடும். குடல் கிருமிகளிலும் உணவிலும் இருக்கும் ஒத்த அடையாளங்களைப் பார்த்தே உடல் அதைக் கற்றுக்கொள்கிறது என்று கருதுகிறார்கள்.

ஏ-யையும் பி-யையும் பிரிப்பது எது? பூனையின் சிவப்பணுவின் மேற்பரப்பில் கொழுப்பில் ஊன்றிய சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. பி வகையில் அந்த நுனியில் இருப்பது அசிட்டைல் வடிவம். ஏ வகையில் ஒரு நொதி அந்த அசிட்டைல் வடிவத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து, கிளைக்கோலைல் வடிவமாக மாற்றுகிறது. சிஎம்ஏஹெச் என்ற மரபணுவில் பிழை விழுந்த பூனைகளில் அந்த நொதி வேலை செய்யாது. அவை பி வகையாகப் பிறக்கின்றன. அந்த வகைப் பூனைக்குக் கிளைக்கோலைல் வடிவம் அந்நியம். ஒரு மில்லிலிட்டரில் உயிரை எடுக்கும் அத்தனை வன்மையும் அந்த ஓர் ஆக்சிஜன் அணுவைக் கண்டுபிடித்துத்தான் கிளம்புகிறது.

இந்த வேறுபாட்டை ஆய்வகத்தில் காண உதவுவது கோதுமை. கோதுமை முளையிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம், அசிட்டைல் வடிவத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடித் தகட்டில் பூனை ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சொட்டி, இந்தப் புரதக் கரைசலைக் கலந்து, தகட்டை மெல்லச் சாய்த்துக்கொண்டே இருந்தால், பி வகையில் சீரான சிவப்பு உடைந்து மணல்மணலாகத் திரளத் தொடங்கும். ஏ வகை திரளாமல் வழவழவென்று ஓடும். நுண்ணோக்கிகூடத் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும்.

பூனைக்குப் பிழைபட்ட அதே மரபணு, மனிதர் எல்லோருக்கும் பிழைபட்டிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆய்வு செய்த அஜித் வர்க்கி இதை வெளிக்கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 1980-களில் அவர் பார்த்த ஒரு நோயாளிக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்தபோது உடல் எதிர்த்துக் கிளம்பியது. எதிர்ப்பின் இலக்குகளில் ஒன்று இந்தக் கிளைக்கோலைல் சர்க்கரை. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது உண்டு, மனிதனுக்கு மட்டும் இல்லை என்று 1998-இல் ஆய்வுகள் வெளியாயின. நம் மூதாதையர் அதை இழந்து இருபது, முப்பது லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பது கணக்கு. ஆட்டிறைச்சியிலும் மாட்டிறைச்சியிலும் அந்தச் சர்க்கரை இருக்கிறது. நமக்கு அதற்கு எதிரான எதிர்ப்பொருளும் இருக்கிறது. இந்த ஒரு கணக்கில் நாம் எல்லோருமே பி வகைப் பூனையின் பக்கம். கால்நடை மருத்துவமனையில் ஒரு பூனைக்கு எந்தப் பை என்று தேடும் வேலையும், மனிதன் எப்படிக் குரங்கிலிருந்து விலகினான் என்ற கேள்வியும் ஒரே மரபணுவில் வந்து சந்திப்பதை முதலில் படித்தபோது என்னால் நெடுநேரம் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

பூனை இதற்குத் தரும் விலை குட்டிகளில் தெரியும். பி வகைத் தாய்க்கு ஏ வகைத் தந்தையால் பிறக்கும் குட்டிகள் பலவும் ஏ வகை. பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். முட்டி மோதிப் பால் குடிக்கும். முதல் நாள் பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருக்கும். அந்த நாளில் மட்டும் குட்டியின் குடல் அவற்றை அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். நோயிலிருந்து காக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் தாயின் காவல் குட்டியின் சிவப்பணுக்களையே பகையாகப் பார்க்கிறது. ஓரிரு நாளில் குட்டி பால் குடிக்க மறுக்கும், சிறுநீர் காப்பிச் செம்மையாகும், கண் மஞ்சளாகும்; பல குட்டிகள் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வால் நுனி கருகி உதிர்ந்துவிடும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி வகை மிகுதி, பெர்ஷியனிலும் உண்டு, சயாமியப் பூனைகள் எல்லாமே ஏ. தாயின் வகை முன்பே தெரிந்திருந்தால் தீர்வு எளிது. முதல் ஒரு நாள் குட்டிகளைப் பிரித்து வைத்து வேறு பால் புகட்டினால் போதும். குடல் மூடிக்கொண்டபின் அதே தாயிடம் தாராளமாக விடலாம்.

இன்னொரு வியப்பும் பூனையிடம் இருக்கிறது. இன்னொரு பூனையின் ரத்தத்தை ஏற்க மறுக்கும் பூனை, நாயின் ரத்தத்தை ஒரே ஒரு முறை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். 2013-இல் நியூசிலாந்தின் டவுராங்காவில் எலிமருந்து தின்ற ரோரி என்ற பூனையை, பூனை ரத்தத்தின் வகை பார்க்க நேரமில்லாத நிலையில், ஒரு லாப்ரடாரின் ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த அணுக்கள் சில நாளுக்கு மேல் தங்காது. ஒரு வாரம் கழித்து மீண்டும் நாய் ரத்தம் ஏற்றினால் பூனை செத்துவிடும். வேறு வழியே இல்லாத இரவில் மட்டும் கைகொடுக்கும் முறை இது.

பூனையிடம் ரத்தம் எடுப்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாலு கிலோ பூனையின் உடலில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர். கொடுக்கும் பூனை நாலரை, ஐந்து கிலோவாவது இருக்க வேண்டும்; 50 மில்லிலிட்டர் எடுப்பதற்குள் அது திமிறும், ஆகவே பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். வெளியே தெரியாத இதயக் கோளாறு இருந்தால் அதுவே ஆபத்து. தனக்கு எந்த நன்மையும் இல்லாத காரியத்துக்காக ஓர் உயிரை மயக்குகிறோம். அதைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் இதயத்தைச் சோதித்து, அதன்பிறகே கேட்க வேண்டும் என்கிறேன். தெருவில் பிடித்த விலங்கிடம் எடுப்பதும், கூண்டில் அடைத்து ரத்தத்துக்காகவே வளர்ப்பதும் வேறு. நோயற்று வீட்டில் வாழும் விலங்கை வளர்ப்பவரே கூட்டிவருவது வேறு. பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய தொண்டு ரத்த வங்கி, வளர்ப்பவர்கள் கூட்டிவரும் நாய்களை நம்பித்தான் நடக்கிறது. நம் நாட்டில் மத்திய கால்நடைத் துறை 2025-இல் முதன்முறையாக விலங்கு ரத்தத்துக்கென்று தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது. தானம் விலைக்கு அல்லாமல் விரும்பித் தருவதாக இருக்க வேண்டும் என்றும், வகையும் பொருத்தமும் பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விலங்கு ரத்த வங்கி இயங்குகிறது. ஆனாலும் நள்ளிரவில் நாய் சாயும்போது பலருக்கும் இன்னும் கைகொடுப்பது, வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்கும் பக்கத்துத் தெரு நாய்தான். அந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருந்ததா என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது.

ஆகவே, ஒன்றை இப்போதே செய்து வைக்கலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, ஊசி போடும் மருத்துவரிடமே ரத்த வகையையும் பார்த்துத் தரச் சொல்லலாம். கொஞ்சம் ரத்தமும் சில நிமிடங்களும் போதும். பெண் பூனையை இணைசேர்ப்பதற்கு முன்னும், எந்தப் பூனைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் கீழே ஏ, பி, அல்லது டிஇஏ 1 உண்டு, இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.